கேட்டறிந்த பழுது: கார்புரேட்டரும் இந்தியச் சாலையோர மெக்கானிக்கும்

2020 ஏப்ரல் 1 அன்று பாரத் நிலை 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்தன. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்த நேரம் அது. விற்பனையகங்கள் பூட்டிக் கிடந்தன, சாலைகள் வெறிச்சோடியிருந்தன. அந்த நிசப்தத்தில், அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்நாட்டின் சிறு மோட்டார் சைக்கிள்களை ஓட்டிவந்த கார்புரேட்டர் புதிய வண்டிகளிலிருந்து ஏறத்தாழ முழுமையாக விடைபெற்றது. மின்னணுக் கட்டுப்பாட்டின் துணையோடு அது நீடித்த மலிவு விலை மாதிரிகள் மிகச் சில. மற்றவற்றில் அதன் இடத்தை எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு பிடித்துக்கொண்டது.

இம்மாற்றத்தைக் காற்றின் தூய்மைக்குக் கிடைத்த ஆதாயமாகக் கருதுவதில் பிழையில்லை. ஆயினும் ஒரு பழுதைக் கண்டறியும் அதிகாரம் முன்பு யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் சென்றிருக்கிறது என்ற கேள்வி போதிய அளவு எழுப்பப்படவில்லை. டேவிட் அர்னால்டு 2013இல் வெளியிட்ட 'எவ்ரிடே டெக்னாலஜி' என்னும் நூல், சைக்கிள், தையல் இயந்திரம், தட்டச்சுப் பொறி, அரிசி ஆலை ஆகியவற்றின் வழியாக இந்திய நவீனத்தை எழுதிக் காட்டியது. அவ்வரிசையில் அடுத்து வைக்கத்தக்கது நூறு சி.சி. மோட்டார் சைக்கிள். அதன் வரலாற்றைத் தொழிற்சாலை வாயிலில் தொடங்கி விற்பனைக் கணக்கில் முடிப்பதே வழக்கமாக இருக்கிறது. விற்ற பிறகு இருபது, முப்பது ஆண்டுகள் அவ்வண்டியை ஓடவைத்த அறிவு அக்கணக்கில் வருவதில்லை.

தொண்டையும் மூச்சும்

கருவியின் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். 'திராட்டில்' என்னும் ஆங்கிலச் சொல் தொண்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. குரல்வளையை நெரித்தல் என்பது அதன் பழைய பொருள். 'சோக்' என்பதும் மூச்சுத் திணறச் செய்வதையே குறிக்கிறது. கார்புரேட்டரின் நடுவே குறுகியிருக்கும் பகுதியையும் ஆங்கிலப் பொறியாளர்கள் தொண்டை என்றே அழைத்தனர். மூச்சுவிடும் உடலாக எஞ்சினைக் காணும் பார்வை, ஆக, சாலையோரப் பட்டறையில் முளைத்ததன்று. கருவிக்குப் பெயரிட்டவர்களிடமே அது இருந்தது.

செயல்முறை எளிது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அக்காற்று குறுகிய வழியில் நுழையும்போது வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. தானியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட பாய்ம இயக்கவியல் நூலிலும், வெஞ்சூரி 1797இல் வெளியிட்ட ஆய்விலும் இதன் அடிப்படை விளக்கப்பட்டிருக்கிறது. அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி, கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஒரு நுண்துளை வழியாக எழுந்து, காற்றில் துகள்களாகச் சிதறிக் கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் மாறாமல் காப்பது ஒரு மிதவை. வீட்டு மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் குழாயை அடைக்கும் மிதவைப் பந்தின் வேலைதான் அது. 1893இல் புடாபெஸ்ட்டின் தோனாத் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகியோர் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக்கும் இவ்வழியில் வெற்றி கண்டார்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்த காலையிலும் கோடை நண்பகலிலும், நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் இந்த விகிதத்தை ஒட்டியே நிற்கவேண்டிய பொறுப்பு, கணிப்பொறியோ உணரியோ இல்லாத, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகக் கருவியிடம் இருந்தது. அது அவ்வப்போது வழுவியதில் வியப்பில்லை. வழுவியபோது அதை மீட்கத் திருகாணிகளையும் பள்ளங்களையும் அதன் உடலிலேயே அமைத்திருந்தார்கள். கார்புரேட்டர் மனிதக் கையை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்ட கருவி.

மூன்று மரபுகள், பிறகு ஜப்பான்

விடுதலைக்குப் பின் இந்தியாவில் மோட்டார் சைக்கிள் உற்பத்தி வெவ்வேறு நாடுகளின் மரபுகளைத் தழுவி வளர்ந்தது. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு ஆங்கிலேய மரபு. அதனுடன் வந்தது பர்மிங்ஹாமின் அமல் கார்புரேட்டர். 1960களின் தொடக்கத்தில் மைசூரில் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா, செக் மரபையும் ஜிகோவ் கார்புரேட்டரையும் கொண்டுவந்தது. ஃபரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் 175, போலந்தின் எஸ்.எச்.எல். வண்டியை அடியொற்றியது.

இம்மரபுகளுக்கு வெவ்வேறு கைப்பழக்கங்கள் இருந்தன. அமல் கார்புரேட்டரின் மேலிருந்த சிறு பொத்தானை அழுத்தி, பெட்ரோல் கசியும்வரை காத்திருந்து, பிறகே கிக்கரை உதைக்க வேண்டும். ராஜ்தூத் போன்ற இரு வீச்சு வண்டிகளுக்குப் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அளவு தவறினால் புகை கக்கும் அல்லது பிஸ்டன் இறுகி நின்றுவிடும். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலத்தில் அசல் உதிரிப் பாகம் எளிதில் கிடைக்கவில்லை. மாற்றுவதைவிடச் சரிசெய்வதே வழியாக இருந்தது. தில்லியின் கஷ்மீரி கேட், கரோல் பாக், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், பெங்களூரின் ஜே.சி. சாலை, சென்னையின் புதுப்பேட்டை ஆகியவை உதிரிப் பாகச் சந்தைகளாக மட்டும் வளரவில்லை. எந்தப் பாகத்துக்கு எது ஈடாகும் என்ற அறிவு கைமாறிய களங்களாகவும் இருந்தன.

1980களின் நடுப்பகுதியில் வெளிநாட்டுக் கூட்டுமுயற்சிகளுக்கு அரசு இடமளித்ததும் காட்சி மாறியது. 1984இல் ஓசூரில் இந்த்-சுசுகி, 1985இல் தாருஹேராவில் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100, 1986இல் கவாசாகி பஜாஜ் கே.பி. 100 என நூறு சி.சி. வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. அவற்றோடு மிக்குனி, கெய்ஹின் என்னும் ஜப்பானியப் பெயர்கள் பட்டறை வழக்கில் நுழைந்தன. சென்னையின் யூகால் நிறுவனம் மிக்குனி தொழில்நுட்பத்தில் தயாரித்த 'மிக்கார்ப்', பின்னாளில் புல்லட்டின் உடலிலும் அமல் இருந்த இடத்தைப் பெற்றது.

சி.டி. 100 வண்டியின் புகழ்பெற்ற விளம்பர வாசகம் மூன்று ஏவல்களால் ஆனது: நிரப்பு, மூடு, மற. நான்கு வீச்சு எஞ்சினின் சிக்கனத்தை உரிமையாளருக்குச் சொல்ல அதைவிடச் செறிவான வாசகம் அமைந்திருக்க முடியாது. ஆனால் உரிமையாளர் மறக்க முடிந்தது, தெருமுனையில் ஒருவர் நினைவில் வைத்திருந்ததால்தான்.

பழுதின் வரைபடம்

அவர் நினைவில் வைத்திருந்தது என்ன? சாலையோரப் பழுதுநீக்கத்தைக் கைராசி, அனுபவம், மதிப்பீடு என்னும் சொற்களால் விளக்குவது எளிது. உண்மையில் அது தெளிவான ஒழுங்குடைய பகுப்பாய்வு. நல்ல மெக்கானிக்கின் முதல் கேள்வி 'என்ன கோளாறு?' என்பதன்று; 'எப்போது?' என்பதே. ஸ்டார்ட் செய்யும்போதா, ஸ்லோவில் நிற்கும்போதா, பாதி முறுக்கியபோதா, முழுவதும் முறுக்கியபோதா?

அக்கேள்விக்குக் கருவியின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. சிறு மோட்டார் சைக்கிளின் ஸ்லைடு வகைக் கார்புரேட்டரில் திராட்டிலின் திறப்பு ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு பாகத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. மூடிய நிலை முதல் எட்டில் ஒரு பங்குவரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் கலவையைத் தீர்மானிக்கின்றன. அதிலிருந்து கால்வாசிவரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டப்பட்ட பகுதியின் செல்வாக்கு மிகுதி. கால்வாசி முதல் முக்கால்வரை, கூம்பாகச் சீவப்பட்ட நீடிலும் அது நிற்கும் பள்ளமும் பொறுப்பு. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். எனினும் 'எப்போது' என்ற கேள்விக்கு விடை கிடைத்தவுடன், திறக்காமலேயே 'எங்கே' என்பது பாதி தெரிந்துவிடுகிறது. குறியிலிருந்து இடத்துக்குச் செல்லும் இந்த நகர்வுதான் பழுதறிதலின் இலக்கணம்.

ஆனாலும் தேர்ந்தவர் கார்புரேட்டரைக் கடைசியாகவே தொடுவார். ஓடிய வண்டி சில கிலோமீட்டரில் அடங்கி, சற்று நேரம் நின்றபின் மீண்டும் கிளம்பினால், டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார். உள்ளே காற்று உறிஞ்சப்படும் ஓசை கேட்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது; பெட்ரோல் இறங்கவில்லை என்பது பொருள். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. காப்பித்தூள் நிறமாக இருந்தால் கலவை சரி. கறுப்புக்குக் காரணம் அடைத்துப்போன ஏர் ஃபில்டராகவும் இருக்கலாம், பாதி இறங்கியே நின்றுவிட்ட சோக்காகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாக விலக்கியபின் எஞ்சுவதே கார்புரேட்டர்.

ஸ்லோவில் நிற்காமல் அணையும் வண்டிக்கு ஸ்லோ ஜெட் அடைப்பே முதன்மைக் காரணம். அதன் துளை மயிரிழை அளவினது. வண்டி சில மாதங்கள் ஓடாமல் நின்றால் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவு எஞ்சும். அது முதலில் அடைப்பது இத்துளையைத்தான். கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைத் திருகி எடுத்து, பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றால் ஊதினால் போதும். அவசரக்காரர் கிளட்ச் கேபிளிலிருந்து ஓர் எஃகு இழையைப் பிரித்துக் குத்துவார். பித்தளைத் துளை சற்றே அகன்றாலும் கலவை நிலையாகக் கெட்டுவிடும். அடைப்பு நீங்கியதென்று மகிழும் உரிமையாளர், பெட்ரோல் ஏன் கூடுதலாகச் செலவாகிறது என்பதை அறிவதேயில்லை. நல்ல உஸ்தாத் யார் என்பதை ஜெட்டை எதைக்கொண்டு துடைக்கிறார் என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கைப்பிடியை விட்டபின்னும் எஞ்சின் வேகம் தணியாமல் கத்தினால் ஐயம் முதலில் கேபிள்மீது விழும். ஹேண்டில் பாரை இடமும் வலமும் திருப்பும்போது வேகம் மாறினால், கேபிள் தளர்வின்றி இழுபடுகிறது. உறைக்குள் இழை பிரிந்து சிக்கியிருக்கலாம். ஸ்லைடில் தூசு ஏறியிருக்கலாம். யாரேனும் ஸ்லைடைத் திருப்பி மாட்டியிருக்கலாம். சாய்வு வெட்டு ஏர் ஃபில்டரை நோக்கியே இருக்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் வேகம் தணியாவிட்டால், கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் வெடித்து அதன் வழியே காற்று புகுகிறது. இதை அலட்சியப்படுத்தினால் இரு வீச்சு எஞ்சினுக்கு ஆபத்து. காற்று கூடக்கூட வெப்பம் ஏறும். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் குறைவது எண்ணெயும் குறைவதாகும். முடிவில் பிஸ்டன் இறுகிவிடும். ஆர்.எக்ஸ். 100இல் எண்ணெய் தனிப் பம்ப் வழியாக வந்தது. கைப்பிடிக் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை கார்புரேட்டருக்கும் மறு கிளை எண்ணெய்ப் பம்புக்கும் சென்றது. கேபிளை மாற்றியவர் இரண்டையும் ஒத்திசைக்க மறந்தால், புகையோ சேதமோ நிச்சயம்.

கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வழிந்தால் மிதவை ஊசியில் தூசு. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டினால் பல வேளைகளில் அது விலகிவிடும். விலகாவிட்டால் மிதவையைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டுவார்கள். உள்ளே பெட்ரோல் தளும்பும் ஓசை கேட்டால் மிதவை ஓட்டை. பழைய பித்தளை மிதவையை வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி எழும் இடம் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். அங்கே ஈயம் வைத்து அடைப்பார்கள். பற்றாசு கூடினால் மிதவையின் எடை கூடும், எடை கூடினால் அது தாழ்ந்து மிதக்கும், பெட்ரோல் மட்டம் உயரும், கலவை கெடும். ஒரு துளி ஈயம் வண்டியின் பெட்ரோல் செலவை மாற்றும் என்பது அப்பட்டறையில் பாடமாகவே சொல்லப்பட்ட செய்தி. ஆர்க்கிமிடிசின் பெயர் அங்கே சொல்லப்படாமல் இருந்திருக்கலாம். அவர் கண்ட விதி கையாளப்பட்டது.

மேடும் இதையே சோதித்தது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்களவே. சமவெளியில் சரியாக இருந்த ஜெட் அங்கே பெட்ரோலை மிகையாக விடும். வண்டி கரும்புகை கக்கி இழுவை இழக்கும். நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றி, நீடிலைத் தாழ்த்தி, கலவையை மெலிதாக்குவது மலைப்பாதைப் பயணிகளிடம் பரவிய தீர்வு.

சொற்களின் வரலாறு

இவ்வறிவு எழுத்தில் வாழவில்லை. பழுதுநீக்கக் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. கைகள் வேறு மொழிகளில் கற்றன. 'மிஸ்த்ரி' என்னும் இந்திச் சொல்லும் 'மேஸ்திரி' என்னும் தமிழ்ச் சொல்லும் போர்த்துக்கீசிய 'மெஸ்த்ரெ' என்பதன் வழிவந்தவை. கைவினைஞனின் பெயரே கடல் கடந்து வந்து பல மொழிகளில் குடியேறியது. அவன் தொழிற்சொற்களும் அவ்வாறே குடியேறின.

'ரேஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். சுமையின்றி எஞ்சின் கட்டுமீறிச் சுழல்வதைக் குறித்த ஆங்கில வினை அது. இந்தியப் பட்டறைகளில் அது பெயராகி, கைப்பிடி முறுக்கையே குறிக்கத் தொடங்கியது. இந்தியில் 'ரேஸ் தோ', தமிழில் 'ரேஸ் குடு'. 'ஸ்லோ' என்பது வெறுமைச் சுழற்சியின் பெயராயிற்று. 'பிக்கப்' என்பது வேகமெடுக்கும் திறனாயிற்று. வட இந்தியாவில் 'ஆவரேஜ்' என்பது சராசரி என்னும் பொதுப்பொருளைக் கடந்து, லிட்டருக்குக் கிடைக்கும் தூரத்தைக் குறித்தது. இவை ஆங்கிலத்திலிருந்து பெறப்பட்டவை. இவற்றின் பொருள் இங்கே உருவானது.

அமைப்பிலும் ஓர் ஒற்றுமை தெரிகிறது. ஆங்கிலப் பெயருடன் உள்ளூர் வினையைச் சேர்த்து வினையாக்குவது பொது வழி: இந்தியில் 'மிஸ்ஸிங் கர் ரஹீ ஹை', தமிழில் 'மிஸ்ஸிங் அடிக்குது'. ஆனால் காரணத்தைச் சொல்லும் இடத்தில் தாய்மொழி முழுமையாகத் திரும்பிவருகிறது. கார்புரேட்டரில் 'கச்ரா ஆ கயா' என்பார் தில்லி மெக்கானிக். 'அடைச்சிருக்கு' என்பார் தமிழ் மெக்கானிக். 'பெட்ரோல் பீ ரஹீ ஹை', 'பெட்ரோல் குடிக்குது' என்பவற்றில் வண்டி ஓர் உயிராகிறது. பாகங்களின் பெயர் ஆங்கிலம், நோயின் பெயர் கலப்பு, காரணத்தின் பெயர் தாய்மொழி என்னும் இந்த அடுக்கு தற்செயலானதாகத் தோன்றவில்லை. வாடிக்கையாளருக்கு விளங்கவேண்டியது காரணம்தான். கூலி கேட்க வேண்டிய இடமும் அதுவே.

எரிபொருளின் நேர்மை

கார்புரேட்டரின் நோய்கள் எல்லாம் கார்புரேட்டரில் பிறந்தவையல்ல. மானிய விலை மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் இடையிலிருந்த விலை வேறுபாடு கலப்படத்தை இலாபத் தொழிலாக்கியது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. காலையில் வண்டி கிளம்ப மறுக்கும், பிளக் கறுக்கும், எஞ்சின் தட்டும். விரலில் தேய்த்தபின் எஞ்சும் பிசுபிசுப்பையும் மணத்தையும் கொண்டு இதை மெக்கானிக் அறிந்தார். ஆக, தெருமுனைப் பட்டறை என்பது பதிவேடு இல்லாத ஒரு தரக்கட்டுப்பாட்டு நிலையமாகவும் இருந்தது. எந்தப் பங்கில் பெட்ரோல் போடக்கூடாது என்பது அங்கே தெரிந்த செய்தி. அந்த அறிவு எத்தகைய பணத்தோடு மோதியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கீரியில், எரிபொருள் கலப்படத்துக்காக ஒரு பங்க்மீது நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27.

இப்போது எரிபொருள் வேறு வகையில் மாறிக்கொண்டிருக்கிறது. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக நாடெங்கும் பரவியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்ப் பாகங்களை ஊறவோ இறுகவோ செய்யும். தன்னுள் ஆக்சிஜன் கொண்டிருப்பதால் பழைய ஜெட் அளவில் கலவையை மெலிதாக்கும். உட்செலுத்தும் அமைப்புள்ள புதிய வண்டி உணரியின் துணையோடு தன்னைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு அத்திருத்தத்தை ஒருவர் கையால் செய்ய வேண்டும். கருவி சந்தையிலிருந்து வெளியேறிய வேளையில்தான் அதைத் திருத்தத் தெரிந்த கைகளின் தேவை கூடியிருக்கிறது.

சான்றிதழும் ஒரு திருகும்

கார்புரேட்டர் காலத்தைப் புகழ்வோர் மறக்கக்கூடாத பக்கமும் உண்டு. இரு வீச்சு எஞ்சின் உறிஞ்சிய பெட்ரோலின் கணிசமான பகுதியை எரிக்காமலேயே வெளியே தள்ளியது. 1996, 2000 ஆண்டுகளின் மாசு வரம்புகள் இரு வீச்சு வண்டிகளைப் படிப்படியாக ஓரங்கட்டின, ஆர்.எக்ஸ். 100இன் உற்பத்தி 1996இல் நின்றது. நகரங்களின் காற்றுக்கு அது தேவையாக இருந்தது.

ஆனால் ஓடும் வண்டிகளைக் கட்டுப்படுத்த அரசு கையாண்ட கருவி பலவீனமானது. மாசுச் சான்றிதழுக்கான சோதனை, நின்ற இடத்தில் எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது கார்பன் மோனாக்சைடை அளந்தது. பழைய இரு சக்கர வண்டிகளுக்கு 4.5 விழுக்காடு, 2000 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானவற்றுக்கு 3.5 விழுக்காடு என்பது வரம்பு. மேலே கண்ட வரைபடத்தை நினைவுகூர்ந்தால் இதன் குறை விளங்கும். ஸ்லோவில் வேலை செய்வது ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் மட்டுமே. சாலையில் வண்டி ஓடும்போது ஆட்சி செலுத்தும் நீடிலையும் மெயின் ஜெட்டையும் அச்சோதனை தொடவேயில்லை. ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் சான்றிதழ் கிடைக்கும். வெளியே வந்து திருப்பி வைத்தால் இழுவை கிடைக்கும். கார்புரேட்டரை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற அதே திறந்த தன்மை ஏமாற்றுக்கும் கதவு திறந்தது. பின்னாளில் கருவி முத்திரையிடப்பட்ட பெட்டியாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளக்கின் சிமிட்டல்

2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமரின் உட்செலுத்தும் வகை வந்தபோது அது வசதியுள்ளோரின் விருப்பத் தேர்வு. 2020இல் அது பொது விதியாயிற்று. பம்ப் அழுத்தத்தோடு பெட்ரோலை அனுப்புகிறது; திராட்டில் நிலை, காற்றழுத்தம், எஞ்சின் வெப்பம், புகையிலுள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை உணரிகள் அளக்கின்றன; ஒரு சிறு கணிப்பொறி எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. குளிருக்குச் சோக் வேண்டாம். மலைக்குக் கிளிப் மாற்ற வேண்டாம். கோளாறு நேர்ந்தால் முன்விளக்கருகே ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. சில வண்டிகளில் அது நீண்டும் குறுகியும் சிமிட்டும். சிமிட்டல்களை எண்ணினால் கோளாறின் எண் கிடைக்கும்.

பழுதறிதலின் வரலாற்றில் இது ஆழமான திருப்பம். முன்பு குறி உடலில் இருந்தது. காதும் மூக்கும் விரலும் அதைப் படித்தன. இப்போது குறி எண்ணாகிறது. எண்ணைப் படிக்க ஸ்கேனரும், அதற்குப் பொருள் சொல்ல நிறுவனத்தின் அட்டவணையும் வேண்டும். 'எப்போது?' என்ற கேள்வியின் இடத்தில் 'எந்த எண்?' என்ற கேள்வி அமர்ந்திருக்கிறது. பழைய கேள்விக்கு விடை உரிமையாளரிடமும் மெக்கானிக்கிடமும் பகிர்ந்து கிடந்தது. புதிய கேள்விக்கு விடை மூன்றாவது ஒருவரிடம் இருக்கிறது. 2022 ஜூலையில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்கான கட்டமைப்பை உருவாக்க ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் கவனத்துக்குரிய துறைகளில் வாகனங்களும் அடங்கும். அவ்விவாதம் பெரும்பாலும் நுகர்வோரின் செலவைப் பற்றியதாகவே நடக்கிறது. பழுதுநீக்குவோரின் அறிவைப் பற்றிய விவாதமாகவும் அது விரிய வேண்டும்.

அவ்வறிவு எப்படிக் கைமாறியது என்பதையும் மறைப்பதற்கில்லை. உஸ்தாத், ஷாகிர்த் என்னும் உறவின் இனிமை பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. பத்து வயதில் பெட்ரோலில் கைநனைத்து ஜெட் கழுவிய சிறுவனின் பள்ளிக்கூடம் அவ்வளவாக எழுதப்படவில்லை. பெண்களுக்கு அப்பட்டறையில் பெரும்பாலும் இடமில்லை. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவதை, குடும்பத் தொழிலுக்கான விலக்கு நீங்கலாக, 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடை செய்தது. பழைய பயிற்றுமுறை அப்படியே மீளக்கூடாது. ஆனால் அதன்வழி திரண்ட பாடத்துக்கு வேறு பள்ளி இன்னும் போதிய அளவில் அமையவில்லை.

இங்கே ஆய்வாளர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. உழவு, நெசவு, மீன்பிடி ஆகியவற்றின் தொழிற்சொற்களைத் தொகுப்பதில் இந்திய மொழியியலுக்கு நீண்ட மரபு உண்டு. மோட்டார் பட்டறைச் சொற்களை ஆங்கிலக் கலப்பு என்று ஒதுக்கும் போக்கும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. ஒரு பழுதை எந்த வரிசையில் விலக்கிச் சென்றார்கள், எந்த ஓசைக்கு என்ன பெயர் வைத்தார்கள், எந்தத் தவற்றைச் சீடனிடம் முதலில் கண்டித்தார்கள் என்பவற்றை இன்று கேட்டுப் பதிவுசெய்யலாம். 1985இல் ஆர்.எக்ஸ். 100இன் கார்புரேட்டரை முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தபோது இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது. அவரது பட்டறை வாசலில் இன்னும் சில பழைய வண்டிகள் நிற்கின்றன. அவை நிற்கும்வரை அவருடைய அறிவைச் செயலிலேயே காண முடியும். அதன்பிறகு எஞ்சுவது நினைவிலிருந்து சொல்லப்படும் கதை மட்டுமே.